16 வயதும் 50 சி.சி.யும்

நம் நாட்டில் 16 வயதுப் பையன் சட்டப்படி மோட்டார் வண்டி ஓட்டலாம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் இதைச் சொல்லப்போக, பக்கத்து இலைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம், 4-ஆவது பிரிவு. 18 வயது ஆகாதவர் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு விலக்கும் தருகிறது: 50 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் உள்ள இருசக்கர வண்டியை 16 வயது முடிந்தவர் ஓட்டலாம். சிக்கல் என்னவென்றால், அப்படிப்பட்ட பெட்ரோல் வண்டியை இன்று ஷோரூம் ஷோரூமாகத் தேடினாலும் கிடைப்பது அரிது. விலக்கு இருக்கிறது, வண்டி போய்விட்டது.

ஆயுள் முழுக்கக் கோப்பு புரட்டியவனுக்கு இப்படி ஒரு வெற்று வரி கண்ணில் பட்டால் மனம் சும்மா இருக்காது. அது எப்படி வந்தது, எப்படி வெறுமையானது, அந்த வெற்றிடத்தில் இன்று யார் நிற்கிறார்கள் என்று தேடியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பெற்றோருக்கு இது வெறும் பழங்கதை அல்ல.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊர்ப்பக்கம் வந்து குடியேறியவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஆகவே கதையைப் பாரீஸிலிருந்து தொடங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவனுக்குத் தேர்வு வைக்க வேண்டும் என்று முதலில் நினைத்தவர்களில் ஒருவர் பாரீஸ் நகரப் போலீஸ் தலைவர் லூயி லெப்பீன். 1893-இல் அவர் போட்ட ஆணைப்படி, பாரீஸில் மோட்டார் வண்டி ஓட்ட அனுமதி பெற வேண்டும். 1899-இல் அது பிரான்ஸ் முழுமைக்கும் தகுதிச் சான்றிதழாக வந்தது. அந்த ஆணையிலேயே வேகத்துக்கும் எல்லை வைத்தார்கள்: ஊருக்குள் மணிக்கு 20 கிலோமீட்டர், வெளியே 30. 1922-இல் அந்தச் சான்றிதழுக்கு ‘பெர்மி’ என்ற இன்றைய பெயர் வந்தது. புதுச்சேரியில் பெரியவர்கள் லைசென்ஸை ‘பெர்மி’ என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1914-இல் முதல் மோட்டார் வாகனச் சட்டம். அதற்குப் பதிலாக 1939-இல் வந்த சட்டம் ஓட்டுநருக்கு 18 வயது என்றது. லாரி, பஸ் போன்றவற்றுக்கு 20. குடித்துவிட்டு ஓட்டுவதும் அதில் குற்றம்தான். ஆனால் வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதை என்று காட்ட வேண்டும். அந்தக் காலத்தில் யாரிடம் வண்டி இருந்தது? ஜமீன்தாரிடம், டாக்டரிடம், பஸ் முதலாளியிடம். பள்ளிக்கூடப் பையன் கையில் மோட்டார் வண்டி வரும் என்று சட்டம் எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அதைக் கொண்டுவந்தது மொபெட். பிரான்ஸில் மோட்டோபெக்கான் கம்பெனி 1949-இல் ‘மோபிலெத்’ என்ற வண்டியை விட்டது. பெடல் உண்டு, சின்ன எஞ்சின் உண்டு. அங்கே 50 சி.சி.க்கு உட்பட்ட இவ்வகை வண்டியை 14 வயதுப் பிள்ளைகளே ஓட்டலாம் என்று வைத்திருந்தார்கள். அதே கம்பெனியின் தொழில்நுட்பத்தில் திருப்பதியில் செய்து வந்ததுதான் நம் ‘சுவேகா’. பிறகு 1970-களில் ‘லூனா’. 1980-இல் ஓசூரிலிருந்து ‘டி.வி.எஸ். 50’. பின்னால் ஒருவரை உட்கார வைத்துப் போகக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. பின் இருக்கைதான் அதை நம் நாட்டு வண்டி ஆக்கியது.

இந்த வறண்ட பூமிக்கு அது செய்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். மாமனார் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொரு தெருவிலும் ஒரு வண்டி கூடியிருக்கும். பால் கேன், புல்லுக்கட்டு, கரிமூட்டை, பருத்தித் தாட்டு, ஆட்டுக்குட்டி, பாட்டி, எல்லாம் அதன்மேல் போகும். எல்லாவற்றையும்விடத் தண்ணீர். இங்கே கிணறு உப்புக் கரிக்கும் ஊர்கள் அதிகம். பக்கத்து ஊர்க் குழாயிலிருந்து பிளாஸ்டிக் குடங்களைக் கட்டித் தொங்கவிட்டு வண்டியில் கொண்டு வருவார்கள். யார் போவது? அப்பா காட்டிலோ தறியிலோ இருப்பார். அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. பையன்தான் போவான். மனைவியின் தம்பி முறை உள்ள ஒருவரிடம், எட்டாம் வகுப்புப் பையனிடம் வண்டியைக் கொடுக்கிறீர்களே என்று கேட்டேன். “அவன் என்ன ஊர் சுத்தவா போறான் மச்சான், தண்ணிக்குத்தானே போறான்” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. இங்கே பையன் வண்டியைத் தொடுவது முதலில் சாகசத்துக்காக அல்ல, வீட்டு வேலைக்காக. இதைப் புரிந்துகொள்ளாமல் பட்டணத்திலிருந்து வந்து ‘இளைஞர்களே, வேகம் வேண்டாம்’ என்று பலகை வைத்துவிட்டுப் போவதில் பயன் இல்லை.

1988-ஆம் வருடச் சட்டம் இந்த நிஜத்தைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது போலும். அது 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதில் முதலில் இருந்த சொல் 50 சி.சி. அல்ல, ‘கியர் இல்லாத மோட்டார் சைக்கிள்’. 16 வயதானவர் அதை ஓட்டலாம். 1994 திருத்தத்தில்தான் அதை மாற்றி ‘50 சி.சி.க்கு மேற்படாத’ என்று போட்டார்கள். காரணம் ஊகிக்கக் கூடியதே. கியர் இல்லாமலே பெரிய எஞ்சின் வரத் தொடங்கிவிட்டது. ‘கியர் இல்லாத வண்டிக்கு 16 வயது போதும்’ என்று இன்றைக்கும் பல பெற்றோர் அடித்துச் சொல்வது இந்தப் பழைய வரியின் எச்சம். அது செத்து முப்பது வருடம் ஆகிறது. இன்றைய ஸ்கூட்டர் 110, 125 சி.சி. மொபெட்கூட 70 ஆகி, பிறகு 100 சி.சி. ஆகிவிட்டது. பெயரில் ‘டி.வி.எஸ். பிப்டி’ என்று ஊரில் சொல்கிறோமே தவிர, பிப்டி அதில் இல்லை. மின்சார வண்டியில் 250 வாட்டுக்கு உட்பட்டு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத சிறு வகைக்கு மட்டும் லைசென்ஸ் வேண்டாம். மற்றதெல்லாம் 18-க்கு மேல்தான்.

ஆக, 16 முதல் 18 வரை என்று சட்டம் கட்டிய சின்னப் பாலம் தானாகவே இடிந்துவிட்டது. அரசாங்கம் 16 வயதில் பிளஸ் ஒன் பிள்ளைக்கு இலவச சைக்கிள் தருகிறது. அது நல்ல திட்டம். ஆனால் சைக்கிள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்க, பையன் அண்ணனின் 150 சி.சி. பைக்கில் டியூஷனுக்குப் போகிறான். லைசென்ஸ் வாங்க முடியாது, ஆகவே எல்.எல்.ஆர். இல்லை, எட்டுப் போட்டுக் காட்டுவதில்லை. ஒளிந்து பழகுகிறான். போலீஸ் நிற்காத பாதையாகப் பார்த்துப் போகிறான்.

அந்தப் பாதை எப்படிப்பட்டது? கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதன்மேல் போட்ட தார்ச்சாலையும் சில வருடத்தில் அலை அலையாகிவிடும். அறுபதில் போகிறவனுக்கு அது குலுக்கல், எண்பதில் போகிறவனுக்கு அது ஆகாயம். டிராக்டர் சக்கரம் வயலிலிருந்து இழுத்து வந்த கரிசல், ஒரு தூறல் போட்டால் எண்ணெய் மாதிரி வழுக்கும். வளைவுகளில் சீமைக்கருவேலம் சாலைவரை வந்து எதிரே வருவதை மறைக்கும். திருச்சுழி, நரிக்குடிப் பக்கச் சாலைகளில் போனவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு பக்கம் அருப்புக்கோட்டை வழியாகப் போகும் மதுரை-தூத்துக்குடி நான்குவழிச் சாலை. துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகள் ராத்திரி முழுக்க ஓடும். நடுத்தடுப்பில் திரும்பும் இடம் தூரம் என்று எதிர்த்திசையிலேயே ஓரமாக வருகிற பைக்குகளை எந்த மாலையிலும் பார்க்கலாம். சின்ன ஊர்ச் சாலைக்குப் பழகிய கண் அந்த வேகத்தைக் கணக்கிட முடியாது.

இனி குடியின் பக்கம். தண்ணிக்குடத்துக்கு வண்டி எடுத்த பையன் இன்னொரு ‘தண்ணி’க்கும் வண்டி எடுக்கிற வயது 17, 18. கிடாவெட்டு, பங்குனிப் பொங்கல், கல்யாண வரவேற்பு ராத்திரி, நண்பனின் பிறந்தநாள். குடித்தவன் ஒருவன், பின்னால் இருவர். அதுதான் பெரும்பாலும் கதை.

தமிழ்நாட்டில் மதுவிலக்கின் வரலாறு வாசகர்களுக்குத் தெரிந்ததே. 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கியது, 1948-இல் மாகாணம் முழுக்க, 1971-இல் தளர்வு, பிறகு மறுபடி மூடல், மறுபடி திறப்பு, 1983-இல் டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடையும் அரசே. இங்கே மது விற்க வாங்குபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். எங்கள் புதுச்சேரியில் 18. வண்டிச் சட்டம் நாடு முழுக்க ஒன்று. மதுச் சட்டம் எல்லைக்கு எல்லை வேறு. விலையும் குறைவு, வயதும் குறைவு என்று கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து பையன்கள் பைக்கில் வந்து குடித்துவிட்டு அதே பைக்கில் திரும்புவதைப் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். வருகிற பயணத்துக்கு எல்லை தடையில்லை. திரும்புகிற பயணத்தில்தான் உயிர் போகும்.

ஓட்டுநர் ரத்தத்தில் எவ்வளவு இருந்தால் குற்றம் என்பதற்கு 185-ஆவது பிரிவு இப்போது சொல்லும் அளவு 100 மில்லி லிட்டரில் 30 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் ‘நான் நிதானமாகத்தான் இருந்தேன்’ என்ற வாதம் எடுபடாது. இது 1939-க்குப் பிறகு வந்த பெரிய மாற்றம். போலீஸ்காரர் இனி நடையைப் பார்க்க வேண்டாம், ஊதச் சொன்னால் போதும். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கு அபராதம் 10,000 ரூபாய், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் நேற்று லைசென்ஸ் வாங்கியவனுக்கும் முப்பது வருடம் ஓட்டியவனுக்கும் நம்மிடம் ஒரே அளவுதான். பிரான்ஸில் மற்றவர்களுக்கு 50 மில்லிகிராம். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு 2015 ஜூலை முதல் 20. அதாவது ஒரு கோப்பைகூடக் கூடாது என்று அர்த்தம்.

அடுத்த படி கடை. அதை எடுத்து வைத்தது ஒரு தமிழ்நாட்டு வழக்கு. வழக்கறிஞர் கே.பாலு தொடுத்து உச்சநீதிமன்றம்வரை போன வழக்கில் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது, சாலையில் போகிறவர்களை அழைக்கும் விளம்பரப் பலகையும் கூடாது. தமிழ்நாட்டில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. 2017 மார்ச் கடைசியில், 20,000 பேருக்கு உட்பட்ட ஊர்களுக்குத் தூரம் 220 மீட்டர் ஆனது. சில மாநிலங்கள் ஊருக்குள் போகும் நெடுஞ்சாலையை ‘இது நெடுஞ்சாலை அல்ல’ என்று ஆணை போட்டுப் பெயர் மாற்றிப் பார்த்தன. அந்த வருடம் ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை இல்லை என்றும் விளக்கம் வந்தது. கோப்பில் பெயரை மாற்றினால் சாலை மாறிவிடுமா என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் தீர்ப்பின் மூலக்கருத்து பெரியது: குடித்து ஓட்டுபவனைப் பிடிப்பது மட்டும் போதாது, குடி அவன் வழியில் நிற்காமல் இருக்க வேண்டும்.

கடைசிப் படி சாவி. 2011-இல் உச்சநீதிமன்றம் தீர்த்த டெல்லி வழக்கு ஒன்று. 18 ஆகாத பையன் ஓட்டிய மோட்டார் சைக்கிளால் ஒருவர் இறந்துபோனார். வண்டிக்காரர், எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துப் போனான் என்றார். நீதிமன்றம் ஏற்கவில்லை. உன் வண்டி, லைசென்ஸ் இல்லாத சிறுவன் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு என்றது. இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தைக் கட்டி, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். இந்த ‘கட்டிவிட்டு வசூலிக்கும்’ முறையைப் பலர் அறிவதில்லை. இன்சூரன்ஸ் இருக்கிறது என்று தைரியமாக இருப்பார்கள். எங்கள் உறவிலேயே ஒருவர், 17 வயது மகன் ராத்திரி வரவேற்பு முடிந்து வரும்போது நடந்துபோன முதியவர்மேல் மோதியதற்காக இரண்டு ஏக்கர் கரிசலை விற்றார். பையன் பிழைத்தான், முதியவர் பிழைக்கவில்லை. நிலம் போனதைவிட, அந்த முதியவரின் வீட்டு வாசலைத் தாண்டிப் போக முடியாமல் மகன் ஊரைவிட்டே வேலைக்குப் போய்விட்டதுதான் அவருக்குப் பெரிய துக்கம்.

2019 செப்டம்பர் 1 முதல் இது எழுத்திலும் வந்துவிட்டது. பிரிவு 199-ஏ. 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவர். மூன்று வருடம்வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. தெரியாமல் நடந்தது, தடுக்க முயன்றேன் என்றால் அதைப் பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும். லெப்பீன் காலத்தில் ஓட்டுபவனிடம் தொடங்கிய சட்டம், கடையைத் தொட்டு, கடைசியில் சாவி கொடுக்கும் கையைப் பிடித்திருக்கிறது.

தண்டனை மட்டும் போதுமா? 2024 மே மாதம் புனேயில் நடந்ததைப் பார்த்தோம். 17 வயதுப் பையன் ஓட்டிய விலையுயர்ந்த கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். சிறார் நீதி வாரியம் முதலில் ஜாமீனுக்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 சொல்லில் கட்டுரை. நீங்கள் படிக்கும் இந்தப் பதிவே அதைப்போல் பல மடங்கு. பிறகு நாடே கொதித்து, தந்தை கைதாகி, ரத்த மாதிரியை மாற்றிய குற்றச்சாட்டில் அரசு மருத்துவர்களும் கைதானார்கள். சட்டம் கடுமையாக இருந்தும், கடைசி ஆள் கையில் சோதனைக் குழாய் இருக்கும்வரை அது அவர் கையளவுதான்.

மற்ற நாடுகள் தண்டனையோடு நிற்கவில்லை. பிரான்ஸில் 1972-இல் சாலையில் செத்தவர்கள் 16 ஆயிரத்துக்கும் மேல். மஸாமே என்ற ஊரின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அதே எண்தான். 1973 மே 17 அன்று அந்த ஊர் மக்கள் தெருவில் இறங்கி அப்படியே படுத்தார்கள். ஒரு வருடத்தில் ஓர் ஊரே செத்தால் எப்படி இருக்கும் என்று தொலைக்காட்சியில் நாடு பார்த்தது. அந்த வருடமே வேகக் கட்டுப்பாடும் ஊருக்கு வெளியே முன் இருக்கைப் பெல்ட்டும் வந்தன. இன்று அங்கே வருடச் சாவு மூவாயிரத்துச் சொச்சம். நம் தமிழ்நாட்டில் 2022-இல் மட்டும் 17,884. ஒரு மஸாமேயைவிட அதிகம். இந்தியா முழுக்க 1,68,491. அதில் 18 வயதுக்குட்பட்டவர்கள் 9,528 பேர். ஓட்டியவர், பின்னால் உட்கார்ந்தவர், நடந்துபோனவர் எல்லாம் சேர்த்து.

பிரான்ஸில் 1980-களில் இன்னொன்றும் செய்தார்கள். பெரியவர் பக்கத்தில் உட்கார, பிள்ளை 16 வயதிலேயே காரோட்டப் பழகலாம். குறைந்தது 3,000 கிலோமீட்டர் அப்படி ஓட்டிய பிறகுதான் தனியாக. நியூசிலாந்து 1987-இல் லைசென்ஸையே படிக்கட்டாக்கியது. முதலில் பெரியவர் துணையோடு. பிறகு தனியாக, ஆனால் ராத்திரி 10 முதல் காலை 5 வரை கூடாது, துணையில்லாமல் நண்பர்களை ஏற்றக் கூடாது. அப்புறம்தான் முழு லைசென்ஸ். 2011 முதல் 20 வயதுக்குட்பட்ட ஓட்டுநருக்கு மது அளவு பூஜ்யம். ராத்திரி, நண்பர் கூட்டம், மது மூன்றும் சேரும்போதுதான் இளம் ஓட்டுநர் சாகிறான் என்பதைக் கண்டு, மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். பையனின் நல்ல புத்தியை மட்டும் நம்பவில்லை.

நம் சட்டத்தில் அந்தப் படிக்கட்டு இல்லை. இருந்த ஒரே படியான 50 சி.சி.யும் தேய்ந்துவிட்டது. டெல்லியில் அதைத் திரும்பக் கட்டும்வரை வீட்டில் கட்டலாம் என்பதே என் கட்சி. 18 வரை சாவி இல்லை. தண்ணிக்கும் சைக்கிள்தான், இரண்டு நடை போனால் போகட்டும். 18 ஆகி லைசென்ஸ் வந்த முதல் வருடம் பொழுது சாய்ந்தபின் வண்டி இல்லை, பின்னால் நண்பன் இல்லை, தலைக்கவசம் இல்லாமல் வாசல் தாண்டல் இல்லை. கிடாவெட்டுக்கும் வரவேற்புக்கும் போனால், குடிக்காத பெரியவர் ஒருவர் வேன் பிடித்துக் கூட்டி வர வேண்டும்; அந்த வாடகை இரண்டு ஏக்கர் கரிசலைவிட மலிவு. ‘குடிச்சிட்டேன், வந்து கூட்டிப் போங்க’ என்று மகன் எந்த ராத்திரி போன் செய்தாலும் அன்று திட்டக் கூடாது, மறுநாள் திட்டலாம். பஞ்சாயத்துக் கூட்டத்தில் கேட்க இரண்டு விஷயம் உண்டு: வளைவுகளில் கருவேலத்தை வெட்டுவது, டியூஷன் விடும் நேரத்துக்கு ஒரு டவுன் பஸ். பஸ் வரும் ஊரில் சாவியை மறுப்பது சுலபம்.

பேரன் பேத்திகளுக்குப் புத்திமதி சொல்லி அலுத்துப்போன என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. புத்திமதியைப் பேரனிடம் சொல்வதைவிட, அவன் அப்பனிடம் சொல்லுங்கள். சாவி அவரிடம்தான் இருக்கிறது.